மரையில் இட்ட எண்ணெய்

மேற்குத் தாம்பரத்தில் வேப்பமர நிழலில் அமைந்த சிறு பணிமனை அது. தகரக்கூரையின் கீழே, 1969ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்து ஒன்று முன்பக்கம் உயர்த்தப்பட்டு, இரும்புத் தாங்கிகளின்மீது நின்றது. முன்சக்கரங்கள் இரண்டும் கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தன. வண்டிக்கு உரியவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், வயது அறுபத்தாறு. மர முக்காலியில் அமர்ந்து, மடியில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்திருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்து சேர ஐந்து வாரம் எடுத்துக்கொண்ட பெட்டி. அதனுள் முன்சக்கர அமைப்புக்கு வேண்டிய புதிய உறுப்புகள் இருந்தன. அன்று புதன்கிழமை. வரும் ஞாயிறன்று தம் தமக்கையை இந்த வண்டியில் காஞ்சிபுரத்துக்கு அழைத்துச் செல்வதாக அவர் வாக்களித்திருந்தார். அதற்கடுத்த வியாழனன்று அந்த அம்மையார் மகனோடு வாழப் புணேவுக்குச் செல்கிறார். எழுபத்திரண்டு வயதில் செல்பவர் மீண்டும் எப்போது வருவார் என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை.

ஹெரால்டு பிறந்தது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில். 1959இல் ட்ரயம்ப் என்னும் பெயரோடு வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதனை இங்கே உருவாக்கியது. அதன் தொழிற்சாலை தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருந்தது. 1968இல் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு அங்கிருந்து வெளிவந்தது. இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊரில் இரண்டு கதவு ஹெரால்டைத்தான் ஓட்டினார்கள். அந்த வகையில் இது நம் ஊர் வண்டி. ஆசிரியரின் தந்தை அத்தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் பணியாற்றியவர். தாம் கைதொட்டுச் சோதித்து அனுப்பிய வண்டிகளுள் ஒன்றை வாங்க அவருக்கு ஆண்டுகள் பல ஆயின. 1978இல், ஒருவர் ஓட்டித் தீர்த்த வண்டியாகத்தான் அது வீட்டுக்கு வந்தது. 1999இல் தந்தை மறைந்தபின் வண்டி மகனிடம் வந்தது.

மகன் அதனைப் பொன்னேபோல் போற்றினார். எந்திரத்தில் கோளாறு என்றால் மெக்கானிக்கிடம் விடுவார். ஆனால், முன்சக்கரங்களுக்கு மசகிடும் வேலையை மட்டும் வேறு எவரிடமும் விட்டதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தந்தையின் பழைய கிரீஸ் துப்பாக்கியோடு வண்டியின் கீழே புகுவார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வழக்கம் ஒருமுறையும் தவறியதில்லை. வீட்டில் சிலர் அதை நேர்த்திக்கடன் என்றுகூடக் கேலி செய்வதுண்டு.

அண்மைக் காலமாக, வண்டியைத் திருப்பும்போதெல்லாம் இடப்பக்கத்து முன்சக்கரத்தருகே 'டக்' என்றொரு ஒலி எழுந்தது. திசைமாற்றி சற்றுக் கனத்தது. டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தது. பணிமனைக்கு உரியவரைத் தெருவே 'பாய்' என்று அழைக்கும். அவர் ஜாக்கியால் சக்கரத்தை உயர்த்தி, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரு கைகளால் பற்றி ஆட்டிப் பார்த்தார். சக்கரம் ஆடியது. உடனே பணியாளாக இருந்த சிறுவனை உள்ளே ஏறி பிரேக்கை மிதிக்கச் சொன்னார். அப்போதும் ஆடியது. "பேரிங்கா இருந்தா பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னிருக்கும். இது ட்ரனியன்" என்றார். இந்தச் சோதனைக்கு மீட்டரும் வேண்டாம், கணினியும் வேண்டாம். வேண்டியவை இரண்டு கைகளும் ஒரு காலுமே.

ட்ரனியன் என்பது என்ன? சாலையின் மேடு பள்ளங்களில் சக்கரம் ஏறி இறங்க வேண்டும். வண்டியின் உடலோ அமைதியாக இருக்க வேண்டும். இதற்காகச் சக்கரத்தையும் சட்டகத்தையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என இரு இரும்புக் கைகள் இணைக்கின்றன. அவற்றினிடையே சுருள்வில் ஒன்றும், அதனுள்ளே அதிர்ச்சியை அடக்கும் உருளையும் நிற்கின்றன. இந்த மொத்த அமைப்பையே மெக்கானிக்குகள் சஸ்பென்ஷன் என்பர். இரு கைகளின் வெளிமுனைகளையும் இணைப்பது நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தண்டு. சக்கரத்தின் அச்சு இதில்தான் பொருந்தியுள்ளது. இவ்வாறு இரு கைகள் கொண்ட பல மகிழுந்துகளில் தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் பந்துமூட்டு இருக்கும். ஹெரால்டில் மேலே பந்துமூட்டு, கீழேயோ திருகுமரை. தண்டின் அடிப்பகுதியில் வெட்டிய மரை, செம்பு கலந்த உலோகத்தால் வார்த்த, மஞ்சள் நிறமுள்ள ஒரு கட்டியினுள் புகுந்து நிற்கும். அக்கட்டிதான் ட்ரனியன். ஓட்டுநர் வண்டியைத் திருப்பும்போது, போல்ட் நட்டினுள் சுழல்வதுபோல, எஃகுத் தண்டு அதனுள் சுழல்கிறது.

இந்த எளிய ஏற்பாட்டினால் கிடைத்த நன்மை பெரிது. ஹெரால்டின் முன்சக்கரங்கள் வியக்கத்தக்க அளவு திரும்பும். ஏறத்தாழ 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் வண்டி முழுச்சுற்றுச் சுற்றிவிடும். பழைய தாம்பரத்தின் சந்துகளில் ஒரே வளைப்பில் வண்டியைத் திருப்பிக் காட்டுவது தந்தைக்குப் பிடித்த வித்தை. ஆனால், நன்மைக்குப் பின்னே ஒரு நிபந்தனையும் உண்டு. வண்டியின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு ஒவ்வொரு முன்சக்கரத்தின்மீதும் இறங்குகிறது. அந்தச் சுமை சட்டகத்திலிருந்து சுருள்வில்லுக்கும், வில்லிலிருந்து கீழ்க்கைக்கும், கீழ்க்கையிலிருந்து ட்ரனியனுக்கும், இறுதியில் அந்த மரையின் வழியாக எஃகுத் தண்டுக்கும் போய்ச் சேருகிறது. நம் விரலளவு தடிப்புள்ள மரை அது. அங்கே எண்ணெய் இருக்கும்வரை அச்சமில்லை.

வேலை காலையில் தொடங்கியது. ஹெரால்டின் முன்மூடியைத் திறப்பதே ஒரு காட்சி. மட்கார்டுகளோடு சேர்ந்து முகப்பு முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். எந்திரமும் சக்கரங்களின் உள்ளமைப்பும் மறைவின்றி வெளிப்படும். பாய் சுருள்வில்லையும் உருளையையும் பிரிக்காமல் ஒன்றாகவே கழற்றி எடுத்தார். வில்லைத் தனியே பிரிக்க, அதனை அழுத்திப் பிடிக்கும் கருவி வேண்டும். கருவியின்றிப் பிரித்தால், அழுத்தத்தில் இருக்கும் வில் துள்ளி எழுந்து கை கால்களைப் பதம் பார்த்துவிடும். "வில்லுல அடைஞ்சு கிடக்கிற ஆற்றல் அரையில் கே எக்ஸ் வர்க்கம்" என்று ஆசிரியர் சிறுவனுக்குச் சொன்னார். சிறுவன் தலையசைத்தான். பாயைப் பார்த்து அவன் முன்பே கற்றிருந்தது அது. சூத்திரம் மட்டுமே புதிது.

கீழ்க்கையைச் சட்டகத்தோடு பிணைக்கும் இடத்தில் மெல்லிய தகட்டுத் துண்டுகள் சில இருந்தன. சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பதை அத்தகடுகளின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. எந்தத் தகடு எந்த இடம் என்று பாய் சுண்ணக்கட்டியால் தரையில் எழுதி, அதனதன் மேல் வைத்தார். ரப்பர் புஷ்கள் வெடித்து, பழைய செருப்பின் அடிபோல் இறுகிக் கிடந்தன. இவையெல்லாம் எதிர்பார்த்தவையே, புதியவை பெட்டியில் இருந்தன.

பிறகு ட்ரனியனைத் திருகிக் கழற்ற முயன்றார். அது அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, அரைமணி நேரம் பொறுத்து, நீண்ட குழாயைப் பிடியில் கோத்துத் திருகியபோது முனகலோடு கழன்றது. உள்ளே இருந்தது மசகு அன்று. கறுத்து, காய்ந்து, மெழுகுபோல் கெட்டியான ஒரு பிண்டம். அடியில் மட்டும் அடைத்துக்கொண்டு நின்றது. மேலே உள்ள மரைகளில் பிசுக்கின் சுவடே இல்லை. அங்கே இருந்தது துரு.

"இதுல யார் கிரீஸ் அடிச்சது?" என்று பாய் கேட்டார்.

"நான்தான்" என்றார் ஆசிரியர். குரலில் சற்றுப் பெருமையும் இருந்தது. அப்பெருமை அடுத்த பத்து நிமிடம்கூட நிலைக்கவில்லை.

பாய் எஃகுத் தண்டைத் துடைத்தார். மரையின் ஓரிடத்தில் துரு அரித்துத் தண்டு இடுப்பு மெலிந்ததுபோல் காணப்பட்டது. அவர் அதனை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, வெளியே எடுத்து நன்றாகத் துடைத்து உலர்த்தி, சுண்ணப்பொடியைப் பூசினார். மூவரும் குனிந்து பார்த்தனர். சற்று நேரத்தில் வெள்ளைப் பொடியின்மீது மயிரிழைபோல் ஓர் ஈரக்கோடு எழுந்தது. தண்டின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு நீளம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய், பொடியால் உறிஞ்சப்பட்டு வெளியே கசிந்து, தான் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது.

ஆசிரியருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குறுக்குப்பரப்புக் குறையக் குறையத் தகைவு கூடும் என்பதையும், மரையின் பள்ளத்தில் தகைவு குவியும் என்பதையும் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவர் அவர். ஆயினும், அறிவு ஒன்றைச் சொல்லும்போது மனம் வேறொன்றை நாடுவது மனிதர்க்கு இயல்பு. "புதிய ட்ரனியனில் இதையே போட்டு இறுக்கிவிடுங்கள், பாய். காஞ்சிபுரம் போய்வர 120 கிலோமீட்டர்தானே. மெதுவாக ஓட்டுகிறேன்" என்றார்.

"மெதுவாப் போறப்பதான் சார் இது உடையும். சந்துல முழுசாத் திருப்புவீங்க. மரை இறுகிப்போய்த் தண்டு முறுக்கும். அப்படியே சக்கரம் மடங்கி வண்டி தரையில உட்காரும். சந்துல உடைஞ்சா பரவாயில்லை. மெயின் ரோட்டுல உடைஞ்சா?"

"எத்தனை ஆண்டுகளாகவோ விரிசல் இருந்திருக்கும். இந்த ஒரு ஞாயிறா உடைந்துவிடப் போகிறது?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க வேற ஆள்கிட்ட கொண்டுபோங்க. ஆனா, வண்டியைத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும். உருட்டிக்கிட்டுப் போற மாதிரி நான் பூட்டித் தரமாட்டேன். அக்காவை ஏத்திக்கிட்டுப் போறேன்னு நீங்களே சொன்னீங்களே சார்."

இருபது ஆண்டுப் பழக்கம் அந்த ஒரு நொடியில் முறிந்திருக்கும். ஆசிரியர் விடைபெறாமலே எழுந்து போனார். அட்டைப்பெட்டி முக்காலியின்மீதே இருந்தது.

மறுநாள் மாலை தமக்கையே பணிமனைக்கு வந்தார். ஞாயிற்றுப் பயணம் இல்லை என்பதைத் தம்பி தொலைபேசியில் சொல்லியிருந்தார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. சக்கரமில்லாத வண்டியை அம்மையார் சுற்றிப் பார்த்தார். பாய் கதவைத் திறந்துவிட, சேலைத் தலைப்பை இடுக்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். திசைமாற்றியை இருபுறமும் திருப்பினார். இணைப்புகள் கழற்றப்பட்டிருந்ததால் அது இலேசாகச் சுழன்றது. "அப்பா எனக்குத்தான் முதலில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இவனுக்கு அப்போது கால் எட்டாது" என்று சிரித்தார். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. வண்டி வந்தபோது தம்பிக்கு இருபது வயதுக்கு நெருக்கம். ஆனால், அக்காக்கள் சொல்லும் கணக்கை யார் திருத்துவது?

தரையில் கிடந்த கறுப்புப் பிண்டத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

"கிரீஸ், அக்கா. நான் போட்டது."

"அங்கே எதற்குடா கிரீஸ்? அப்பா எண்ணெய் அல்லவா போடுவார். கியர் பெட்டிக்கு ஊற்றும் கனமான எண்ணெய். அதற்கென்றே தனியாக ஒரு துப்பாக்கி வைத்திருந்தாரே. எந்நேரமும் ஒழுகிக்கொண்டே இருக்கும். பரண்மேல் வைத்தால் மாவு டப்பாவெல்லாம் எண்ணெயாகிவிடும் என்று அம்மா திட்டுவார்."

ஆசிரியர் எதுவும் பேசவில்லை. அந்தத் துப்பாக்கியைத்தான் அவர் இருபது ஆண்டுகளாகக் கையாண்டு வந்தார். தந்தை மறைந்த ஆண்டில் அதனை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது எண்ணெய் ஒழுகியது. பழுதான கிரீஸ் துப்பாக்கி என்று எண்ணி, புதிய வாஷர் போட்டு, உட்புறத்தைத் துடைத்து, உயர்ந்த வகைக் கிரீஸை நிரப்பியவர் அவரே. கிரீஸ் துப்பாக்கியில் எண்ணெயை நிரப்பினால் அது ஒழுகத்தான் செய்யும். ஒழுகியது பழுதினால் அன்று. உள்ளே சரியான பொருள் இருந்ததனால்.

அன்றிரவு அலமாரியின் அடித்தட்டிலிருந்து வண்டியின் கையேட்டை எடுத்துப் பார்த்தார். வண்டியோடு வந்த அந்நூலை அவர் ஒருநாளும் பிரித்ததில்லை. தாம் அறியாதது எதுவும் அதில் இருக்காது என்னும் எண்ணம். முன்சக்கரத்துக்கு மசகிடும் பக்கத்தில், எண்ணெய் என்னும் சொல்லின் கீழே தந்தையின் நீலமைக் கோடு இருந்தது. கிரீஸ் கெட்டியானது, அடியிலிருந்து செலுத்தினால் மரைகளின் இடுக்கில் ஏறாமல் அங்கேயே தங்கிவிடும். மழைநீர் மேலிருந்து புகும். எண்ணெயோ இடுக்கெல்லாம் ஏறி மேலே வழியும். வழியும்போது நீரையும் அழுக்கையும் தள்ளிக்கொண்டு வரும். பள்ளி மாணவருக்கு ஐந்து நிமிடத்தில் அவர் விளக்கியிருக்கக்கூடிய செய்தி.

வெள்ளிக்கிழமை காலை அவர் பணிமனைக்குப் போனார். மன்னிப்பு என்ற சொல் இரு தரப்பிலும் எழவில்லை. இரண்டு பக்கத்துக்கும் புதிய எஃகுத் தண்டுகளைத் தருவிக்கப் பணம் கட்டியாகிவிட்டது என்றார். "வலப்பக்கம் பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்றார் பாய். "அதற்கும் நான்தான் கிரீஸ் போட்டேன்" என்றார் ஆசிரியர். சிறுவன் தேநீர் வாங்க ஓடினான்.

ஞாயிறன்று அக்காவும் தம்பியும் மின்தொடர்வண்டியில் செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் சென்றனர். வெயில் கடுமை. பிறந்த வீடு இருந்த இடத்தில் துணிக்கடை இருந்தது. வியாழனன்று அக்கா புணேவுக்குப் புறப்பட்டார்.

தண்டுகள் வந்து சேர்ந்தது ஏழாம் வாரத்தில். இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் பொருத்த இயலாது. பாய் சிறுவன் கையில் இரண்டையும் கொடுத்து, பிரித்தறியச் சொன்னார். ட்ரனியனைத் தண்டின்மீது கடைசிவரை திருகி ஏற்றி, பிறகு சிறிதளவு பின்னோக்கித் திருப்பி நிறுத்தினார். கடைசிவரை இறுக்கிவிட்டால், வண்டி முழுதாகத் திரும்பும்போது மரைக்குப் போக இடமிராது. புதிய தண்டும் முறியும். தகடுகள் சுண்ணக்கட்டிக் குறிப்பின்படி அதனதன் இடத்துக்குச் சென்றன. சிறுவன் ஆர்வத்தில் கீழ்க்கையின் போல்ட்டுகளையெல்லாம் முழுதும் முறுக்கிவிட்டான். பாய் அவற்றைத் தளர்த்தச் சொன்னார். அவன் முகம் வாடியது. இம்முறை விளக்கியவர் ஆசிரியர். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும்; வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும்; நாளடைவில் கிழியும். வண்டியை இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் விழுந்தபின் முறுக்கினால், ரப்பர் முறுகாத நிலையில் நிற்கும். சிறுவன், "அப்ப மறுபடி கீழ படுக்கணுமா?" என்று கேட்டான். படுத்தான்.

சக்கரங்களின் நேர்கோட்டைச் சரிபார்த்தபின் ஆசிரியர் வண்டியை எடுத்தார். தெருக்கோடியில் சந்து குறுகும் இடத்தில் முழுதாகத் திருப்பினார். ஒலி இல்லை. திசைமாற்றி, விட்டதும் தானே நேருக்கு வந்தது. மூன்று வீட்டு வாசற்படிகளுக்கிடையே ஒரே வளைப்பில் வண்டி திரும்பிவிட்டது. அவர் மீண்டும் ஒருமுறை திருப்பினார். மூன்றாம் முறையும் திருப்பியபோது, மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. துப்பாக்கியை மண்ணெண்ணெயில் கழுவி, கியர் எண்ணெயை நிரப்பி, வண்டியின் கீழே புகுந்தார். ட்ரனியனின் அடைதிருகைக் கழற்றி, குழாய்முனையைப் பொருத்தி, மரையின் மேல்விளிம்பில் எண்ணெய் வழியும்வரை அழுத்தினார். வேலை முடிந்ததும் அதைப் படம் எடுத்துப் புணேவுக்கு அனுப்பினார். துப்பாக்கியைப் பரணில் வைக்கவில்லை. கொல்லைப்புறத்து ஆணியில் தொங்கவிட்டு, ஒழுகும் எண்ணெயைத் தாங்க அதன் கீழே ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்தார்.